வீட்டில் கட்டிய புரொஜெக்டர் திரையையும் லென்ஸையும் வெயிலிலிருந்து காப்பது எப்படி

படம் ஓடுகிற இரவில் திரைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆளில்லாத பகலில்தான் அது கெடுகிறது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் சாய்ப்பிலும் (வீட்டை ஒட்டி இறக்கிய சாய்வுக் கூரைப் பகுதி) மொட்டை மாடியிலும் கட்டிய ஃப்ளெக்ஸ் திரை மஞ்சளாகிவிட்டால் முதலில் பழி விழுவது புரொஜெக்டர் பல்பின் மேல். எல்ஈடி புரொஜெக்டராக இருந்தால் பல்புக்கு இதில் அனேகமாகப் பங்கே இல்லை. வெள்ளை எல்ஈடி என்பது 450 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியைப் பாஸ்பர் பூச்சு வழியாக வெள்ளையாக்கித் தருவது. திரையை மஞ்சளாக்கும் புற ஊதாவோ (யூவி) 400 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது. திரையைத் தின்பது வெயில்தான். ஆகவே செலவு செய்வதற்கு முன் வெயில் எந்த வழியாக, எந்த நேரத்தில் திரைக்கு வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வெயில் வரும் வழி

"வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, அங்கே திரை கட்டலாம்" என்று சொல்வது குளிர் நாட்டுக் கணக்கு. இந்த வட்டாரம் வட அட்சம் 8 பாகை சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வரை தலைக்கு வடக்கேதான் ஓடுகிறது. ஜூன் மாதத்தில் காலை எட்டரை மணி வெயில் வடகிழக்கிலிருந்து சரிந்து வந்து, 2 அடி இறவாரம் உள்ள வீட்டிலும் வடக்கு ஜன்னலின் கீழ்ப்பாதியைத் தொடும். அது மழைக்காலம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. மெல்லிய மேகம் புற ஊதாவில் பெரும்பகுதியைக் கடக்க விட்டுவிடும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையின் கருமேகம் மட்டுமே ஓரளவு தடுக்கும்.

ஜன்னல் கண்ணாடியும் பாதி வேலைதான் செய்கிறது. 315 நானோமீட்டருக்குக் கீழே உள்ள யூவி-பி அதில் அனேகமாக நின்றுவிடும். 315 முதல் 400 வரையிலான யூவி-ஏ பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். துணியையும் பிளாஸ்டிக்கையும் அறைக்குள்ளேயே கெடுப்பது இதுதான்.

ஓட்டு வீட்டில் இன்னொன்று உண்டு: வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி ஓடு. அதன் வழியே விழும் வெயில் துண்டு மணிக்கு மணி நகர்ந்து அறையைக் கடக்கும். திரையின் குறுக்கே ஒரு பட்டை மட்டும் மஞ்சளாகியிருந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். ஜூனில் ஒரு நாளும் டிசம்பரில் ஒரு நாளும் காலை 9 முதல் மாலை 4 வரை அந்தத் துண்டு விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் திரை வரக் கூடாது. வேறு இடமே இல்லையென்றால் அந்த ஓட்டை எடுத்துவிட்டு மண் ஓடு போடுவதுதான் தீர்வு. மேலே சுண்ணாம்பு அடிப்பது அடுத்த மழை வரைக்கும்தான்.

சாய்ப்பின் கூரையில் பாலிகார்பனேட் ஷீட் போட்டிருந்தால் அது புற ஊதாவை நன்றாகவே தடுக்கும். ஆனால் அந்த ஷீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் யூவி பூச்சு. அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். வேலைக்காரர் அவசரத்தில் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுத் தலைகீழாகப் பொருத்தினால் சில வருடங்களில் ஷீட்டே பழுத்து விரிசல் விடும். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்போதே எது மேல்பக்கம் என்று மார்க்கரால் எழுதி வைப்பது நல்லது.

ஒரு டார்ச், ஒரு தாள்

எந்தக் கண்ணாடி, ஜன்னலில் ஒட்டும் எந்த ஃபிலிம், எந்தத் துணி புற ஊதாவைத் தடுக்கிறது என்று கடைக்காரர் வாக்கை நம்ப வேண்டியதில்லை. 365 நானோமீட்டர் யூவி டார்ச் ஒன்று வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்சுகள் பெரும்பாலும் 395. அது இந்தச் சோதனைக்கு உதவாது. நல்ல யூவி ஃபிலிம்களில் பல 380-க்கு மேல் உள்ளதை விட்டுவிடும் என்பதால், 395 டார்ச் நல்ல ஃபிலிமையும் ஓட்டை என்று காட்டும்.

இருட்டு அறையில் சாதாரண ஏ4 வெள்ளைத் தாளின் மேல் டார்ச்சை அடித்தால் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிரும். தாளில் கலந்திருக்கும் வெண்மையூட்டி ரசாயனம் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. இப்போது டார்ச்சுக்கும் தாளுக்கும் நடுவே சோதிக்க வேண்டிய பொருளைப் பிடியுங்கள். ஒளிர்வு அணைந்தால் அது தடுக்கிறது. மங்கினால் பாதிதான் தடுக்கிறது. டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள், அதை நேராகப் பார்க்கவும் வேண்டாம்.

இதே டார்ச்சைத் திரைத் துணி வாங்கும்போதும் கொண்டு போங்கள். ஃப்ளெக்ஸோ துணியோ, மிகப் பிரகாசமான நீலத்தில் ஒளிர்ந்தால் அதன் வெள்ளை நிறத்தில் பெரும்பங்கு வெண்மையூட்டியால் வந்தது என்று அர்த்தம். வெயில் பட்டால் முதலில் சாவது அந்த ரசாயனம்தான். அது போனதும் அடியில் இருக்கும் மஞ்சள் வெளியே தெரியும். கடையில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் குறைவாக ஒளிர்கிற துணியே நீண்ட நாள் தாங்கும்.

எந்தத் திரை எப்படிக் கெடும்

ஃப்ளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் நூல்வலையின் இரு பக்கமும் பிவிசி பூசியது. வெயிலிலும் சூட்டிலும் பிவிசி கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் குளோரைடை இழக்கிறது. மஞ்சள் நிறம் அங்கேதான் பிறக்கிறது. கூடவே அதை மெத்தென்று வைத்திருந்த எண்ணெய் போன்ற சேர்மம் மேலே கசிந்து பிசுபிசுக்கும். அதில் தூசி ஒட்டும், ஒட்டிய தூசி துடைத்தால் போகாது. ஃப்ளெக்ஸ் கடையில் கேட்கும்போது "பிளாக் பேக், மேட்" என்று கேளுங்கள். பின்பக்கக் கறுப்பு பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைத் தடுக்கும். மேட் இல்லாமல் பளபளப்பாக இருந்தால் படத்தின் நடுவில் பல்பின் வெளிச்சம் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

திரைச்சீலைக் கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாக்அவுட் துணி வீட்டுக்குள் கட்ட மிக நல்லது. அகலம் பெரும்பாலும் 54 அங்குலம். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரைக்கு அகலம் 87, உயரம் 49 அங்குலம் ஆகையால், துணியைப் படுக்கை வாட்டில் போட்டால் தையலே இல்லாமல் அடங்கும். சட்டத்தில் மடித்து அடிக்க மேலும் கீழும் இரண்டரை அங்குலம் மிஞ்சும். இரண்டரை மீட்டர் நீளம் வாங்கினால் போதும். 120 அங்குலத்துக்கு உயரம் 59 தேவைப்படுவதால் இந்த அகலம் பற்றாது. நடுவில் தையல் போட்டு ஒப்பேற்றுவதைவிட 100 அங்குலத்தோடு நிற்பது மேல்.

வெள்ளை வேட்டியையோ பெட்ஷீட்டையோ திரையாக்குவது அவசரத்துக்குச் சரி. வெயில் பட்டால் பருத்தி நூல் வலுவிழந்து கிழியும். துவைக்கும்போது சொட்டு நீலம் போட்டால் திட்டுத் திட்டாக ஏறி, படத்தில் எல்லார் முகமும் வெளிறும். நீலம் வேண்டாம்.

தைக்கும் நூலும் கட்டும் கயிறும் பெரும்பாலும் யாரும் நினைத்துப் பார்க்காதவை. திரை நன்றாக இருக்கும், ஓரத் தையல் பிரிந்து தொங்கும். நைலான் நூல் வெயிலில் சீக்கிரம் பொடியும், பாலியெஸ்டர் நூல் தாங்கும். இழுத்துக் கட்ட நிறமில்லாத இயற்கை ரப்பர் பட்டை வேண்டாம். ரப்பர் விளைகிற மண்ணில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதை வெடிக்க வைத்துவிடும். பழைய லாரி ட்யூபை முக்கால் அங்குலக் கீற்றாக வெட்டினால் அதைவிட நன்றாக உழைக்கும். ட்யூபுகள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், அதில் கலந்த கார்பன் கரி புற ஊதாவைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ட்யூப் நேரடியாக வெள்ளைப் பரப்பில் பட்டால் பழுப்புக் கறை விடும், அது போகாது. ஓரத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு பித்தளை ஐலெட் (துளைக்கு அடிக்கும் உலோக வளையம்) அடித்து, அதில் ஒரு கயிறு வளையம் போட்டு, வளையத்தில் ட்யூபைக் கட்டுங்கள். கடற்கரை ஊர்களில் இரும்பு ஐலெட் ஒரு மழைக்காலத்திலேயே துருவொழுக விட்டுவிடும்.

மூடுவதும் சுருட்டுவதும்

திரைக்குக் கிளியர் வார்னிஷ், யூவி ஸ்ப்ரே என்று எதையும் அடிக்காதீர்கள். மேட் பரப்பு பளபளப்பாகி நடுத்திட்டு வரும், பூச்சு சீராக விழாமல் கோடு தெரியும், அந்தப் பூச்சே பின்னால் மஞ்சளாகும். பணமும் போய்த் திரையும் போகும் வழி அது. மூடி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான, பலமான பாதுகாப்பு.

நிலையான சட்டத் திரையென்றால் முன்னால் ஒரு அடர்ந்த துணித் திரைச்சீலை போடுங்கள். கெட்டியான கான்வாஸோ பருத்தி டிரில்லோ, அடர் நிறத்தில். டார்ச்சால் சோதித்து வாங்கலாம். திரைக்கும் சீலைக்கும் நடுவே குறைந்தது 2 அங்குல இடைவெளி விடுங்கள். ஒட்டிப் போட்டால் இரண்டு மழைக்காலம் கொண்ட இந்த ஊரில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடுவதும் அதே ஆபத்து. நீலத் தார்ப்பாய் இன்னும் மோசம். தரம் குறைந்த தார்ப்பாய் வெயிலில் தானே செதில் செதிலாகப் பொடிந்து, அந்தப் பொடி முழுவதையும் திரை மேல் கொட்டும்.

ஃப்ளெக்ஸைச் சுருட்டி வைப்பதானால் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் சுருட்டுங்கள். ஒன்றரை அங்குலக் குழாயில் சுருட்டினால் பூச்சில் மடிப்புக் கோடு நிலைத்துவிடும். வெள்ளைப் பக்கம் உள்ளே வரட்டும். ஆனால் பின்பக்கக் கறுப்பு வெள்ளையோடு உரசக் கூடாது, சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவும் கூடாது. துவைத்து உலர்ந்த பழைய வேட்டியை நடுவில் விரித்துச் சேர்த்துச் சுருட்டினால் இரண்டு தொல்லையும் இல்லை. நிற்க வைத்தால் அடிப்பக்கம் நசுங்கும், படுக்க வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உள்ள பரண் வேண்டாம், அங்கே வெயிலில்லாமலே சூடு வேலையை முடித்துவிடும்.

உலகக் கோப்பை நேரத்தில் தூத்தூர், சின்னத்துறை போன்ற கடலோர ஊர்களில் திரை ஒரு மாதத்துக்கு மேல் கட்டியே கிடக்கும். தினமும் அவிழ்த்துக் கட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. அப்படியானால் மேல் விளிம்பை மட்டும் மூங்கிலில் நிரந்தரமாகக் கட்டி, கீழ் விளிம்பில் பைப்பைப் பொருத்தி, காலையில் கீழிருந்து மேலே சுருட்டி இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலர்ந்த கடற்கரை மணல் தன் மேல் விழும் புற ஊதாவில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். அதனால் மேலே பந்தல் போட்டாலும் கீழிருந்து ஏறும்.

சாயா கடையில் திரை கட்டியிருந்தால் ஈ பிடிக்கும் நீல விளக்கு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். அந்தக் குழாய் வேண்டுமென்றே யூவி-ஏ உமிழ்வது. திரைக்கு எதிரே இருந்தால் கெடுதல் மெதுவாக நடக்கும். படம் ஓடும்போது உடனே தெரிவது வேறு: வெண்மையூட்டி ஒளிர்ந்து கறுப்புக் காட்சியெல்லாம் நீலம் பாரிக்கும். திரைக்குப் பக்கவாட்டில், முகம் திரும்பியிருக்கும்படி மாற்றுங்கள்.

ஜன்னலுக்கு: மரப் பலகைக் கதவுள்ள பழைய ஜன்னலென்றால் பகலில் சாத்திவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம். கண்ணாடி ஜன்னலுக்கு நிறமற்ற யூவி ஃபிலிம் ஒட்டலாம், உள்பக்கமாக. கறுப்பு ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும். பாதி நிழலும் பாதி வெயிலுமாக விழும் பெரிய கண்ணாடி அதனால் விரிசல் விடக்கூடும்.

சுவரே திரையானால்

வெள்ளை எனாமல் வேண்டாம். எண்ணெய்க் கலப்புள்ள எனாமல் வெளிச்சமில்லாத இருட்டிலும் மஞ்சளாகும், அதைப் பகலெல்லாம் மூடி வைத்தால் இன்னும் வேகமாக. வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனில் மேட் வகை வாங்குங்கள். உள்சுவர் எமல்ஷன் வெயில் படும் இடத்தில் சீக்கிரம் மாவாக உதிரும். 100 அங்குலத் திரை சுமார் 30 சதுர அடி. பிரைமர் மேல் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் வாங்கினால் மிச்சமும் இருக்கும். மிச்சத்தை இறுக மூடி வையுங்கள், பிறகு ஒரு கோட் அடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் மஞ்சளாகாது, பளபளக்காது. கையில் ஒட்டுவதும் மழையில் பாசி பிடிப்பதும் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதுவும் திரைதான்.

லென்ஸ்

கண்ணாடி லென்ஸைப் புற ஊதா பெரிதாக ஒன்றும் செய்யாது. கெடுவது பிளாஸ்டிக் லென்ஸும், உள்ளே எல்சிடி பலகைக்கு முன்னும் பின்னும் இருக்கும் அக்ரிலிக் ஃப்ரெனல் தகடுகளும் (வட்ட வட்டமாகப் பள்ளம் வெட்டிய தட்டை லென்ஸ்), ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் விடும் போலரைசர் படலமும். கேமராவுக்கு மாட்டுவதுபோல் புரொஜெக்டர் லென்ஸுக்கு முன் யூவி ஃபில்டர் மாட்டுவது வீண். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பும். இரண்டு பரப்புக்கு 8 சதவீத வெளிச்சம் போகும், எழுத்தெல்லாம் நிழல் விழுந்து இரட்டையாகத் தெரியும்.

வேண்டியது ஒளி புகாத மூடி. மூடி தொலைந்துவிட்டால் பிவிசி பைப் எண்ட் கேப் போதும். 63, 75, 90, 110 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். லென்ஸ் குழலின் வெளிவிட்டத்தை அளந்து அதற்கு அடுத்த பெரிய அளவை எடுத்து, உள்சுற்றில் கறுப்பு ஃபெல்ட் கீற்று ஒட்டி இறுக்கம் சரிசெய்யுங்கள். ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் மூடி தூசிக்கு மட்டுமே.

மூடியின் பெரிய வேலை புற ஊதாவைத் தடுப்பதுகூட அல்ல. மாலை நாலரை மணிக்கு மொட்டை மாடியில் புரொஜெக்டரை மேற்கே பார்க்க வைத்துவிட்டு ஒயர் தேடப் போனால், சரிந்த சூரியன் லென்ஸ் வழியே நுழைந்து எல்சிடி பலகையில் ஒரு புள்ளியாகக் குவியும். அந்தப் புள்ளி பிறகு எல்லாப் படத்திலும் இருக்கும். பழைய ரியர் புரொஜெக்ஷன் டிவியிலிருந்து கழற்றிய பெரிய ஃப்ரெனல் தகடு தனியாகக் கிடந்தால் இன்னும் ஆபத்து, மரத்தையே பற்ற வைக்கும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டி, பீரோவுக்குள் வையுங்கள்.

ஃப்ரெனலை ஸ்பிரிட்டாலோ கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ துடைக்கக் கூடாது. ஆல்கஹாலும் அம்மோனியாவும் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விடவைக்கும். ஊதி தூசியை அகற்றி, ஒரு லிட்டர் நீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பள்ளங்களின் வட்டப் போக்கிலேயே மென்துணியால் தடவி, நல்ல நீரில் அலசுங்கள். ரப்பர் ஷீட் புகைபோடும் கூடு பக்கத்தில் இருந்தால் லென்ஸில் பழுப்புப் படலம் படியும். அதைப் பார்த்து லென்ஸ் பழுத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், துடைத்துப் பாருங்கள்.

மெட்டல் ஹேலைடு பெட்டிகள்

பெட்டி கட்டி, உள்ளே மெட்டல் ஹேலைடு பல்பு போட்ட பழைய பாணி வீட்டுப் புரொஜெக்டரில் மட்டும் கதை மாறுகிறது. இங்கே பல்பே புற ஊதா உமிழ்கிறது. பல்பின் வெளிக்குடுவை உடைந்தாலும் உள்குழல் தொடர்ந்து எரியும். அப்போது வெளிவரும் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். விரிசல் தெரிந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திப் பல்பை மாற்றுங்கள்.

பல்புக்கும் முதல் ஃப்ரெனலுக்கும் நடுவே யூவி-ஐஆர் தடுப்புக் கண்ணாடி (புற ஊதாவையும் சூட்டுக் கதிரையும் தடுப்பது) வேண்டும். அடுப்புக் கண்ணாடியான போரோசிலிகேட் சூட்டைத் தாங்கும் என்பதால் பலர் அதையே போட்டு நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடியைவிட அது புற ஊதாவை அதிகமாகவே கடக்க விடும். பூச்சுள்ள தடுப்புக் கண்ணாடியின் பூச்சுப் பக்கம் பல்பைப் பார்த்து, கதிருக்கு நேர் குறுக்காக நிற்கட்டும். சாய்த்து வைத்தால் தடுக்கும் எல்லை நகர்ந்துவிடும். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் காற்றுவழி விட்டு, ஃபேன் காற்று அதன் வழியே போகும்படி செய்யுங்கள். பூச்சுக் கண்ணாடி கிடைக்காவிட்டால் போரோசிலிகேட்டுக்குப் பின்னால், சூடு குறைந்த இடத்தில், 2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட் ஒன்று நிறுத்தலாம். அது புற ஊதாவை வாங்கித் தானே பழுக்கும், பழுத்ததும் மாற்றிவிட வேண்டியதுதான். விலை ஃப்ரெனலை ஒப்பிட ஒன்றுமில்லை.

படத்தின் நடுவில் மட்டும் பழுப்பு வட்டம் தெரிந்தால் அதைப் புற ஊதாவின் கணக்கில் எழுதாதீர்கள். போலரைசர் சூட்டில் வெந்திருக்கிறது. ஃபேனையும் தூசி வலையையும் பாருங்கள். படம் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் லென்ஸோ திரையோ பழுத்திருக்கிறது. இரண்டில் எது என்று தெரிய ஏ4 தாளைத் திரை நடுவில் ஒட்டி வெள்ளைப் படம் ஒன்றைப் போடுங்கள். தாள் மட்டும் வெள்ளையாக இருந்தால் திரை. தாளும் மஞ்சளானால் புரொஜெக்டர்.

பூஞ்சணம் பிடித்த லென்ஸை வெயிலில் வைக்கலாமா

வேண்டாம். கண்ணாடியைக் கடந்து உள்ளே போகும் புற ஊதா, பூஞ்சணத்தைக் கொல்லும் வகையில்லை. சூடு மட்டும் போய் கிரீஸை உருக வைத்து, ஒட்டுப் பசையைப் பிரிக்கும். செத்த பூஞ்சணம் அரித்த தடமும் கண்ணாடியில் அப்படியேதான் இருக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய யூவி-சி பெட்டியில் பிளாஸ்டிக் லென்ஸை வைப்பதும் கூடாது, அந்த 254 நானோமீட்டர் கதிர் பிளாஸ்டிக்கைப் பழுக்க வைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் பூஞ்சணம் வராது. நீல மணி இளஞ்சிவப்பானதும் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தெடுத்தால் மறுபடி நீலமாகும்.

இதில் விதிவிலக்கு ஒன்றுண்டு. தோரியம் கலந்த கண்ணாடியில் செய்த பழைய லென்ஸ்கள் சில, தங்கள் கதிரியக்கத்தாலேயே உள்ளே மஞ்சளாகும். அவற்றுக்குப் புற ஊதா மருந்து. யூவி விளக்கின் கீழ் பல நாள் வைத்தால் தெளிந்துவிடும். பழைய சாமான் கடையில் வாங்கிய லென்ஸ் தேன் நிறமாக இருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் விசாரித்துப் பாருங்கள்.

பழுத்துவிட்டதா என்று அறிய

திரை வாங்கும் அன்றே அதே சுருளிலிருந்து ஒரு சாண் துண்டு வெட்டி, தேதி எழுதி, காகிதத்தில் சுற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரையின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்து, வெள்ளைப் படம் ஓடவிட்டுப் பாருங்கள். லேசான வித்தியாசத்தைப் புரொஜெக்டரின் நிற அமைப்பில் சிவப்பையும் பச்சையையும் குறைத்துச் சரிக்கட்டலாம், கொஞ்சம் வெளிச்சம் போகும். ஒரு மூலை மட்டும் பழுத்திருந்தால் அமைப்பால் சரியாகாது. அந்த மூலைக்கு வெயில் எங்கிருந்து வருகிறது என்று தேடி அடைத்த பிறகே புதுத் திரை கட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் பிவிசி வெளுக்காது, மேல்பூச்சு சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் ஆழமாகப் பிடிக்கும். சுவர்த் திரையானால் வைத்திருக்கும் மிச்ச எமல்ஷனை நன்றாகக் கலக்கி, சுவரை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, ஒரு கோட் அடித்தால் வேலை முடிந்தது.